உழாத மூன்று ஏக்கர்

கிளிநொச்சி
24.01.2024

அன்பின் அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே சரியான குளிர் என்று அண்ணி சொன்னா. காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கோ. போனில் நான் வாய் திறக்கும் முன்பே நீங்கள் கத்துவதால்தான் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

உங்களுடைய மூன்று ஏக்கரிலும் நெல் முற்றிவிட்டது. அறுத்த பிறகு உழுது உழுந்து போட்டால் ஈரம் போய்விடுகிறது. போன வருடம் பாதிகூட முளைக்கவில்லை. இம்முறை உழவே வேண்டாம். நெல் நிற்கும்போதே ஈரமண்ணில் உழுந்தை எறிந்துவிட்டு, ஒரு கிழமையில் வெட்டு மெசினை இறக்கினால், அடிக்கட்டைகளுக்குள் அது தானாக எழும்பும். இந்த ஒருமுறை என்னை நம்புங்கோ.

(இரண்டாம் பக்கம்)

நீங்கள் ஓம் சொல்லும்வரை ஈரம் காத்திருக்காது, அண்ணா. உழுந்தை நேற்றே எறிந்துவிட்டேன். கோபிக்க வேண்டாம். அறுவடை முடிந்ததும் உழவு மெசின் மட்டும் வயலில் இறங்கக்கூடாது.

அன்புத் தங்கை,
தங்கேஸ்வரி

பாரிஸ்
19.02.2024

தங்கச்சி,

உன் கடிதத்தை அன்றைக்கே ரெஸ்டோரன்ட் குசினியில், வெங்காயம் உரித்த கையோடு பார்த்தேன். உழாமல் விவசாயமா? யார் பழக்கிய சோம்பேறித்தனம் இது? பதில் எழுதவே மனம் வரவில்லை.

இன்று லாசப்பல் தமிழ்க் கடைத்தெருவில் செபஸ்தியாம்பிள்ளையின் கடைக்கு மரக்கறி வாங்கப் போனேன். ஊரில் இருக்கும் அவருடைய மருமகன் நம் வயலை வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறான். பத்துப் பேருக்கு நடுவில் காட்டுகிறார். "என்ன தவசீலன், உம்மட காணி கட்டையும் வைக்கலுமாக் கிடக்கு? பார்க்க ஆளில்லையோ?"

பதினெட்டு வருடம் பிறர் தின்ற கோப்பையைக் கழுவி வாங்கிய காணி. கார்ஜில் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் இருந்தே உழவு மெசின்கார யதுர்ஷனுக்குச் சொல்லிவிட்டேன். நாளைக் காலை வருவான். மறித்துக்கொண்டு நிற்காதே.

அண்ணா,
தவசீலன்

கிளிநொச்சி
21.02.2024

அண்ணா,

நான் இரண்டு படம் அனுப்பினேன். நீங்கள் முதல் பக்கத்தை மட்டும்தான் வாசித்திருக்கிறீர்கள்.

வைக்கோலுக்குக் கீழே உழுந்து நாலைந்து இலை விட்டு நின்றது. வீடியோவில் அது தெரியாது, குனிந்து பார்க்கவேண்டும். மெசினுக்கு முன்னால் நின்று மறித்தேன். யதுர்ஷன் பாவம், இறங்கி வந்து, "காணிக்காரர் சொன்னவர் அக்கா, நான் என்ன செய்யிறது?" என்றான். விலகிவிட்டேன். ஏழு வருடம் பாடுபட்டும் அந்த வயலில் நான் யார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

வேலியோரம் மெசின் திரும்பமுடியாத ஒரு மூலை மட்டும் தப்பியது. மாசி முடிய காணியை ஒப்படைக்கிறேன். வேறு ஆள் பாருங்கள்.

தங்கேஸ்வரி

பாரிஸ்
26.03.2024

என் தங்கச்சிக்கு,

மன்னிப்புக் கேட்டு எழுதும் நான்காவது கடிதம் இது. முந்திய மூன்றுக்கும் நீ பார்த்ததாக வாட்ஸ்அப்பில் நீலக்கோடு விழுந்திருக்கிறது; பதில்தான் இல்லை. உன் இரண்டாம் பக்கம் இப்போது எனக்கு மனப்பாடம். அன்றைக்கே அதைத் திறக்காத என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

நேற்றுச் செபஸ்தியாம்பிள்ளை புது வீடியோ காட்டினார். "இப்பதான் காணி காணி மாதிரிக் கிடக்கு" என்றார். வெறும் கட்டிமண், ஒரு பச்சை இல்லை. "வாயைப் பொத்தும்" என்று கத்திவிட்டு, வாங்கிய மரக்கறியையும் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உன் இடத்துக்கு நான் ஒருவரையும் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். அந்த வேலி மூலை வீடியோவில் வரவில்லை. அங்கே உழுந்து காய்த்ததா? அதையாவது எழுது. எத்தனை பக்கமானாலும் எழுது, தங்கச்சி.

அண்ணா