அப்பாவின் குதிரையில் ஏறியவள்

ஜூலை 6

அப்பாவை அடக்கம் செய்ய நாள் குறித்தாயிற்று. எங்கள் சும்பாத் தீவு வழக்கப்படி மாதக்கணக்காக முன் அறையில் துணிச் சுருளுக்குள் உட்கார்ந்திருக்கிறார். வீடு முழுக்கப் பன்றி ரத்தமும் வெற்றிலைத் துப்பலும். பாடம் நடத்தும் பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டேன்.

ஜூலை 8

குதிரையில் லிக்கா ஏற வேண்டுமாம். சமையல் வேலை பார்க்கும் கொங்காவின் மகள். எங்கள் வீட்டு அடிமை வம்சம் - எழுதவே கை கூசுகிறது. அண்ணன் கூசாமல் சொல்கிறார்.

கொள்ளுத்தாத்தா காலத்தில் இறந்தவருக்குத் துணையாக ஓர் ஆளைக் கொன்று கூடவே புதைத்தார்கள். பிறகு கொல்வதை விட்டார்கள். பொன் பூட்டி, இறந்தவரின் குதிரையில் ஏற்றி, கல்லறை வாசலில் மயங்கி விழச் செய்தால் போதும், செத்ததாகக் கணக்கு. அப்படிச் 'செத்தவள்' வீட்டின் அடுத்த மணப்பெண்ணோடு சீதனமாகப் போயாக வேண்டும். ஆகஸ்டில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம்.

"போனா திரும்பி வர மாட்டா, ரம்பு" என்றாள் கொங்கா. பெரிய வீட்டுப் பெண்களை அப்படித்தான் அழைக்க வேண்டும். பானை தேய்ப்பதை அவள் நிறுத்தவில்லை.

ஜூலை 9

சீ!

ஜூலை 10

சும்பாவே ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போகிறதே என்று, இதைத் தடுக்கச் சொல்லிப் போதகரிடம் போனேன்.

"வேதத்துலயும் அடிமைங்க உண்டு, ரம்பு. அன்பா நடத்தினாப் போதும்."

"ரெண்டு பொண்டாட்டிகூடத்தான் உண்டு. அதை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

"அது அந்தக் காலம்."

"இது எந்தக் காலம்?"

காபியை ஊதி ஊதிக் குடித்தார்.

மூதாதையரைக் கும்பிடும் பூசாரி பரவாயில்லை, பூசி மெழுகவில்லை. "கொல்றதை மூதாதைங்களா வேண்டாம்னாங்க? பாத்தவங்களுக்கு வயித்தைப் புரட்டுச்சு. அப்புறம்தான் அவங்களும் வேண்டாம்னுட்டாங்க."

ஆக, முதலில் மனிதனுக்குக் குமட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் தெய்வத்துக்கு மனம் மாறும். இப்போது யாருக்குக் குமட்டுகிறது? எனக்கு மட்டும். மற்றவர்கள் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள்.

ஜூலை 14

அண்ணனிடம் கெஞ்சிப் பார்த்தேன். "அவளுக்கு அங்க என்ன குறை? வயிறு நிறையச் சோறு!"

"எருமைக்கும்தான் போடுறோம்" என்றேன். கையை ஓங்கினார்.

ஜூலை 17

ஏறிவிட்டேன்.

லிக்காவுக்கு வைத்திருந்த தலைப்பாகையை எனக்குக் கட்டிவிட்டது கொங்காதான். முகத்தில் திரைத்துணி, யாருக்கும் தெரியவில்லை. கல்லறை வாசலில் மயக்கம் வரவில்லை, நானே விழுந்து வைத்தேன். துணி விலகியது. "ஏறினவ ஏறினவதான். இதுக்கு மாத்து கிடையாது" என்றார் பூசாரி. அண்ணன் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே! தங்கச்சியைச் சீதனமா அனுப்பட்டுமே, பார்க்கலாம்.

ஜூலை 18

எனக்குச் சோறு பின்கட்டில். அண்ணி இலையைக் காலால் தள்ளினாள். அடிமையின் இடத்தில் ஏறியதால் இனி என்னை யாரும் ரம்பு என்று அழைக்கக் கூடாதாம். ஒரே இரவில்! என் அண்ணி!

ஆகஸ்ட் 21

கல்யாணம். எனக்கு அழைப்பில்லை. லாரியில் துணி மூட்டைகளும் பன்றிகளும் போயினவாம். சீதனமாக ஆள் யாரும் போகவில்லை.

கொங்காவும் லிக்காவும் அந்த வீட்டை விட்டு வந்து, இப்போது என்னோடு பள்ளி ஆசிரியர் குடியிருப்பில்தான் இருக்கிறார்கள். சாயங்காலம் துணிக்கொடியருகே நின்று லிக்கா என்னைப் பார்த்துக் கத்தினாள்: "ஈரத்துணியை யாராவது மடிச்சு வைப்பாங்களா? அறிவிருக்கா உங்களுக்கு?"

கொங்கா பதறிப்போய் அவள் வாயைப் பொத்த ஓடினாள். நான் துணியை உதறி மறுபடி காயப்போட்டேன்.