மூன்று கம்பெனிகளும் ஒத்துக்கொண்ட ஆழம்

ஏப்ரல் 9, 2058. காலை 08:10
பனியின் அடி ஆழம்: 12.4 மீட்டர். அளந்தவர்: —
காற்று வடகிழக்கு. குளிர் மைனஸ் 31. ஜெனரேட்டர் ஒழுங்காக ஓடுகிறது.
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் நறுமுகை, பனி ஆய்வாளர். ஆர்க்டிக் கடலில் மிதக்கும் ஒரு பனிப்பாளத்தின் மேல், தகரக் கூண்டுக்குள் தனியாக இருக்கிறேன். பாளம் நகரும் திசையில் கடலடியில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை. அங்கே அறுபத்திரண்டு பேர். மூன்று கம்பெனிகளின் கூட்டு முயற்சி. சட்டை நிறத்தை வைத்து நீலம், சிவப்பு, மஞ்சள் என்றுதான் சொல்வோம். பனியின் ஆழத்தை மூவரும் தனித்தனியாக அளந்து அனுப்ப வேண்டும். போன வருடம் வரை ஒருவர் அளவை இன்னொருவர் ஒத்துக்கொண்டதே கிடையாது. இப்போது அளவுகளைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். சண்டை ஓய்ந்தது, என் தலைவலியும் விட்டது. ‘அளந்தவர்’ கட்டத்தை மட்டும் யாரும் நிரப்புவதில்லை.

ஏப்ரல் 12. காலை 07:40
இரண்டு நாள் புயல். கூண்டு சாய்ந்துவிட்டது. டீ டம்ளர் மேசையில் நிற்க மறுக்கிறது. வேறொரு பாளம் வந்து மோதி, அடியில் சொருகிக்கொண்டது போலிருக்கிறது.
திரையில் நீலம் 12.4. சிவப்பு 12.4. மஞ்சள் 12.4. இவ்வளவு அடிபட்ட பிறகும் ஒரு புள்ளி மாறவில்லை. நானே அளந்து பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 13. பகல் 11:00
வெந்நீர்க் குழாயால் பனியை நானே துளைத்தேன். தண்ணீர் தட்டுப்பட்டது முப்பத்தொன்றாம் மீட்டரில். மேடையின் கால்கள் இருபது மீட்டர் பனி வரைதான் தாங்கும். பாளம் நாளை மாலை போய் இடிக்கும்.
மேடையின் ரேடியோவில் இருப்பவன் ரெக்ஸ்லின், தூத்துக்குடிக்காரன். சொன்னேன். பதில்:
“யக்கா, மேனேஜர்ட்ட சொல்லிட்டேன். மூணு கம்பெனியும் பன்னெண்டுன்னு சொல்லுது, அந்தம்மா ஒருத்தி மட்டும் முப்பத்தொண்ணுன்னா எப்படிங்காரு.”

ஏப்ரல் 13. பகல் 14:20
மூன்று கம்பெனியின் பழைய பதிவுகளையும் தோண்டிக் கண்டுபிடித்துவிட்டேன். சிவப்பின் அளவு இருக்கிறதே என்று நீலம் தன் கருவியைக் கழற்றியிருக்கிறது. சிவப்பு மஞ்சளை நம்பிக் கழற்றியது. மஞ்சள் நீலத்தை நம்பி. பழைய 12.4 மூன்று கம்பெனியையும் சுற்றிச் சுற்றி வருகிறது. யாருமே அளக்கவில்லை! வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்கத்தான் ஆளில்லை.
நீலத்தின் எண் என் கணினி வழியாகத்தான் போகிறது. அதை அழித்து 31 என்று போட்டேன்.

ஏப்ரல் 13. பகல் 15:30
நீலம் 31. சிவப்பு 31. மஞ்சள் 31.
“யக்கா! மூணு பேரும் ஒத்துக்கிட்டாங்க! கிணத்த மூடச் சொல்லிட்டாங்க. நாளைக்கு மத்தியானம் எல்லாரும் கப்பல் ஏறுதோம். அப்படியே ஒங்களையும் ஏத்திக்கிடுதோம்.”
சிரித்தேன், அழுதேன். நான் செய்த வேலையை அவனிடம் மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 14. பகல் 13:15
கிணறு மூடியாயிற்று. அறுபத்திரண்டு பேரும் கப்பலில். மூன்று கம்பெனிக்கும் சேர்த்து இந்த ஒரே கப்பல்தான்.
“யக்கா, கேப்டன் அங்க வரமாட்டேங்காரு. இருவது மீட்டருக்கு மேலன்னா கிட்ட போகக்கூடாதாம். மூணு கம்பெனியும் சேந்து போட்ட விதியாம். நீங்க பழையபடி பன்னெண்டுன்னு மாத்திப் போடுங்கக்கா. நா யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

ஏப்ரல் 14. பகல் 13:40
மாற்றினால் வருவார்கள். 12 என்று நம்பித்தான் வருவார்கள். அடியில் கிடப்பது 31. புயலில் அடிபட்ட பாளம் எந்த நேரமும் உடையலாம்; அப்போது பக்கத்தில் நின்றால் கப்பலைப் புரட்டிவிடும். அறுபத்திரண்டு பேர்.
விதியில் தப்பில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.
12 என்று அடித்தேன். அனுப்பவில்லை. அழித்தேன். மறுபடியும் அடித்தேன். எனக்கு உயிர்மேல் ஆசை இருக்கிறது. எழுத வெட்கமில்லை.
“யக்கா, இருக்கீங்களா? யக்கா, ஒரே ஒரு நம்பர்தானக்கா.”
ரேடியோவை அணைத்துவிட்டேன்.

ஏப்ரல் 14. மாலை 17:50
மேடையின் கால்கள் தெரிகின்றன. கூண்டுக்கு அடியில் சத்தம். தரை பிளந்து கொண்—
கப்பல் தெற்கே போய்விட்டது. புகை மட்டும் தெரிகிறது. நல்லது.
பனியின் அடி ஆழம்: 31 மீட்டர்.
அளந்தவர்: நறுமுகை