முதல் வெட்டு குணசீலனுக்கு

பதிவு 1: 4 மார்ச் 2071, 06:10

ஆழம் 2,300 மீட்டர். வெப்பம் பிளவில் 610 டிகிரி, எங்கள் காப்பறையில் 31. கீழிருந்து கரியமில வாயு கலந்த திரவம் ஏறுகிறது. மேல் குழாயில் மீத்தேன் இறங்குகிறது. இரண்டும் பிளவில் சந்திக்கும்போது கரி பிரிந்து பாறைச் சுவரில் கிராஃபைட் நரம்பாகப் படிகிறது, மிச்சம் நீர். இயற்கைக்குப் பல்லாயிரம் ஆண்டு ஆகும். எங்கள் வினையூக்கிக்கு ஒரு நாள். பணியில் புவியியலாளர் தமயந்தியாகிய நான், துளைப்பாளர் அருளப்பன். வழக்கம்போல் ஆளுக்கு ஒரு டோக்கன் (எனக்கு 17, அவருக்கு 18) சுரங்க வாயில் பலகையில், அதே எண்ணில் இன்னொன்று கழுத்தில். பலகையில் டோக்கன் தொங்கும்வரை லிஃப்டை மூடக்கூடாது.

பதிவு 2: 09:42

கூரை சரிந்தது. கிராஃபைட் படிந்து பிளவு அடைபடுகிறது, அழுத்தத்தைக் குறையுங்கள் என்று இயக்குநர் குணசீலனுக்கு மூன்று முறை எழுதினேன். கூட்டினார். அருளப்பனின் இடுப்புக்குக் கீழே பாறை. தொலைபேசியில் லிஃப்ட் இயக்கும் மும்தாஜ்:

“பதினேழு, பதினெட்டு ரெண்டு டோக்கனும் பலகையில இல்லம்மா. எல்லாரும் மேல வந்தாச்சுன்னு டைரக்டர் கையெழுத்துப் போட்டு லிஃப்டை மூடச் சொல்லிட்டாரு. நீங்க யாரு பேசுறது?”

பெயரைச் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது.

பதிவு 3: 12:20

அருளப்பன் இறந்துவிட்டார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். மகளிடம் சொல்லச் சொன்னார். என்ன என்று சொல்லவில்லை. காற்று இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு. விபத்து வெளியே தெரிந்தால் சுரங்கத்துக்குப் பூட்டு, அதனால் டைரக்டரே பலகையிலிருந்து எங்கள் டோக்கன்களைக் கழற்றிவிட்டார். குணசீலனாம்! பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை.

பதிவு 4: 13:05

திரவம், மீத்தேன் இரண்டின் வால்வையும் முழுதாகத் திறந்துவிட்டேன். சரிவில் உண்டான புதுப் பிளவு வழியாகத் திரவம் மேல் சுரங்கத்தை நோக்கி ஓடுகிறது. உள்ளங்கை அகல நரம்பு வளரும், கலப்படமே இல்லாதது. கிராஃபைட் மின்சாரம் கடத்தும். டைரக்டர் மேசைக் கருவியில் முள் எகிறும். ஆசை விடாது, வருவார். புது நரம்பு எதிலும் முதல் வெட்டு அவர் கையால்தான், கழுத்தில் மாலையோடு, கேமரா முன்னால்.

பதிவு 5: 14:11

வாயு உள்ளே கசிகிறது. தலை சுற்றுகிறது. எங்கள் கழுத்து டோக்கன் இரண்டையும் இந்தப் பீங்கான் பதிவுத் தகட்டோடு கட்டிவிட்டேன். அருளப்பனின் துளைக்கம்பியால் பிளவுக்குள் மேலே தள்ளிக்கொண்டே பேசுகிறேன், குரல் எட்டும்வரை பதிவாகும். சுற்றிலும் கரி படிந்து மூடிக்கொள்ளும். தகடு உருகாது.

வெட்டுங்கள், டைரக்டர் சார். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வெட்டுங்கள். பதினேழும் பதினெட்டும் மேலே வந்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டீர்களே

இப்போதுதான் வருகிறோ