நான் எடுத்த வானம்

நேற்று நகரி முழுக்க கரண்ட் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் மாடி ஏறினேன். வடக்கே அந்த அசையாத நட்சத்திரம் தெரிந்தது. நீங்கள் போன பிறகு முதன்முதலாக உங்களோடு பேச வேண்டும்போல இருந்தது. அன்பாகப் பேச அல்ல.

நமக்குக் கல்யாணமான புதிது. ஆந்திரா தனி மாநிலமாகி, நம் ஊர் எந்தப் பக்கம் என்று எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்த சமயம். பள்ளிக்கூடத்தில் பாடம் முடித்த கையோடு எல்லைக் கூட்டம், ஊர்வலம் என்று கிளம்பிவிடுவீர்கள். அவற்றைப் படமெடுக்கத்தான் அந்தப் பெட்டிக் கேமராவை வாங்கினீர்கள். நான் மாடியில் காத்திருப்பேன். மற்றதெல்லாம் நகர, வடக்கே ஒன்று மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பதை அப்படித்தான் கண்டுகொண்டேன்.

நீங்கள் திருத்தணியில் தங்கிவிட்ட ஓர் அமாவாசை. ஃபிலிமில் ஒரு படம் மீதி இருந்தது. கைப்பிடிச் சுவரில் தலையணை போட்டு, கேமராவை வடக்கு வானம் பார்க்கச் சாய்த்து வைத்தேன். மூடாமல் திறந்தே இருக்கும்படி விசையை இழுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கிழக்கு வெளுக்கும் முன் மூடினேன்.

சித்தூரில் ஸ்டுடியோக்காரர் கழுவிய படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நட்சத்திரங்கள் வட்டவட்டமாகக் கோடு இழுத்திருந்தன.

"யார் சார் எடுத்தது?"

"நான்தான்" என்றீர்கள். உங்கள் தோள் இடிக்கும் தூரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் அதைப் பெரிதாக்கி, உங்கள் பேர் எழுதிக் கடை வாசலில் மாட்டினார். திரும்பும்போது பஸ்ஸில், ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பொம்பள பேர் போட்டா, ராவெல்லாம் மாடில என்னா பண்ணிக்கினு இருந்தான்னு கேப்பாங்க. உனுக்கு அது வேணுமா?"

ஊர்ப் பேர் ரயிலடிப் பலகையில் தமிழில் இருக்க வேண்டும் என்று தொண்டை கட்டக் கத்தியவர் நீங்கள். வீட்டுக்கு வந்ததும் கேமராவை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினீர்கள்.

பிறகு எல்லை முடிவானது. திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போக, நகரி ஆந்திராவிலேயே நின்றது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "சோறு வேணா" என்றீர்கள். "நம்மள ஒரு வார்த்த கேக்காமலே முடிச்சிட்டாங்க" என்று அழுதீர்கள். மோர் கரைத்துக் கொடுத்தேன்.

உங்கள் காரியத்துக்கு வந்தவர்களிடம் மகன் வீட்டில் வைத்திருந்த அந்த நட்சத்திரப் படத்தைக் காட்டி, "நைனா எடுத்தது" என்றான். எல்லோரும் போன பிறகு அவனிடம் சொன்னேன்.

"அது நான் எடுத்ததுடா."

"நைனா சொல்லவே இல்லியேம்மா" என்றான்.

நான் சொல்வதைவிட நீங்கள் சொல்லாமல் விட்டதைத்தான் அவன் நம்புகிறான். போனவர்மேல் கோபம் வைக்கக் கூடாது என்கிறார்கள். நான் வைத்திருக்கிறேன். என் பேரில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.