வெளிநாட்டு டப்பாவில் உள்ளூர் சோப்புத்தூள்

மச்சான்,

கையை மூன்று முறை கழுவிவிட்டேன். சோப்புத்தூள் வாசனை போகவில்லை. துணி துவைக்கிற தூள். எலுமிச்சை என்று சொல்லி எதையோ கலந்திருப்பார்களே, மூக்கில் ஏறுகிற அந்த வாசனை. பெருங்களத்தூர் நிறுத்தத்தில் நின்றபோதும் விரல்களை முகர்ந்துகொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு பஸ்ஸை விட்டேன். ஏற மனசில்லை. ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாகவே நடந்து தாம்பரம் வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்பதும் பொய்தான். இரண்டு வரிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கிறேன்.

இன்றைக்கு ஒரு பாத்திரம் கழுவும் மெஷினைப் பார்க்கப் போனேன். நுரை தள்ளி நின்றுபோன மெஷின். நீ போய் இரண்டு வருடமாகிறது. மெட்ராஸ் என்ற பேரைச் சென்னை என்று மாற்றிவிட்டார்கள். அந்த மெஷின் மட்டும் இந்தப் பக்கத்தில் இன்னும் அபூர்வம்தான். நாலு வருடத்துக்கு முன்னால் நாம் பார்த்த முதல் மெஷின் உனக்கு மறந்திருக்காது. அஸ்தினாபுரம் வீடு. நீ 'மஸ்கட்' என்று பேர் வைத்த சார்.

குரோம்பேட்டைக் கடையில் நாம் மெக்கானிக்குகளாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதலாளி டெலிபோனை வைத்துவிட்டு, "டிஷ்வாஷராம்பா. நுரை வந்து நின்னுபோச்சாம். ரெண்டு பேரும் போய்ப் பாருங்க" என்றார். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டே கேட்டாய்: "பாத்திரம் கழுவ மெஷினா? அப்போ துன்றதுக்கு இன்னா வாங்கி வெச்சுகீறாங்க?"

பின்னால் உட்கார்ந்து நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அது சிரிப்பாக இல்லை. ஏன் என்று அப்போது உன்னிடம் சொல்லவில்லை.

அந்தச் சமையலறையை இப்போதும் அளந்து சொல்வேன். தரை முழுக்க நுரை. மெஷினுக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். கதவில் சந்தனப் பொட்டு. அதற்கு மேலே அலமாரியில், ஆங்கிலமும் அரபியும் எழுதிய நீல டப்பா. சார் மஸ்கட்டில் வேலை பார்த்துத் திரும்பியபோது மெஷினோடு வந்த தூள். கொல்லைப்புற வாசலில் சரசு அக்கா, கையில் தரை துடைக்கும் துணியோடு நின்றாள். அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். அந்தத் தெருவில் இன்னும் மூன்று வீடுகளிலும் அவள்தான்.

சார் நம்மைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். "வேணும்னே பண்ணியிருக்காப்பா. மெஷின் வந்தா தன் வேலை போயிடும்னு வயித்தெரிச்சல். பவுடரை அள்ளிக் கொட்டியிருக்கா."

"நான் அத்தத் தொட்டதே இல்ல சார்," என்றாள் சரசு அக்கா. "தொடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? நான் கழுவிக் குடுக்கறேன், அம்மா உள்ள அடுக்குறாங்க. அவ்ளோதான்."

நீ நிமிர்ந்தாய். "கழுவிக் குடுக்கறியா? கழுவுன பாத்திரத்தயா மெஷின்ல போட்றாங்க?"

"அழுக்கோட வெச்சா மெஷின் கெட்டுடும்ல?" என்றார் அந்த வீட்டு அம்மா, நமக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல. குழம்புச் சட்டி, இட்லிப் பானை, வாணலி எதுவும் அதற்குள் போகாது. அவையெல்லாம் கொல்லைக் குழாயடிக்கு. தட்டும் டம்ளரும் மட்டும், சரசு அக்கா தேய்த்துக் கழுவிக் கொடுத்த பிறகு, மெஷினுக்குள் போய் இன்னொரு முறை குளித்து வரும். அவள் வேலையில் ஒரு தட்டு குறையவில்லை. அவள்தான் வயிற்றெரிச்சல் பிடித்தவளாம்.

கீழ்ப்பலகையை நீதான் கழற்றினாய். உள்ளே ஒரு தகரத் தட்டு, அதில் நாலு விரல் தண்ணீர். தண்ணீரில் வெள்ளையாய் ஒரு மிதவை மேலே எழும்பி ஒரு சின்ன சுவிட்சை அழுத்திக்கொண்டிருந்தது. குப்புறப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்வி, அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாய்: "மெஷினுக்கு ஒண்ணும் ஆவலடா. நுரை பொங்கிக் கீழ வழிஞ்சுகீது. எங்கியோ தண்ணி ஒழுவுதுன்னு நெனச்சுகினு அதுவே நின்னுட்ச்சு. மன்சனவிட இதுக்கு புத்தி ஜாஸ்தி."

பிளக்கைப் பிடுங்கினோம். இரண்டு பேரும் மெஷினைச் சாய்த்துத் தட்டிலிருந்த தண்ணீரை வடித்தோம். துணியால் ஒற்றினோம். மிதவை இறங்கியது, சுவிட்ச் விடுபட்டது. உள்ளே இருந்த நுரையை நான் கிண்ணத்தால் அள்ள அள்ள அது வந்துகொண்டே இருந்தது. நீ ஒரு கரண்டி எண்ணெய் கேட்டாய். "சமையல் எண்ணெயா?" என்று அந்த அம்மா பதறினார். "ஆமாம்மா, வடை சுட இல்ல" என்றாய். எண்ணெய் விழுந்ததும் நுரை அப்படியே அமுங்கியது. வெறும் தண்ணீரில் நாலைந்து தடவை ஓட்டி வெளியேற்றினோம். மெஷின் முனகிக்கொண்டு ஓடியது.

அதோடு கிளம்பியிருக்கலாம். சார் விடவில்லை. நம் சர்வீஸ் தாளை நீட்டினார். "பழுதுக்குக் காரணம்னு ஒரு எடம் இருக்குல்ல? அதுல எழுது. வேலைக்காரி தப்பா கையாண்டதுனாலன்னு. மத்த வீட்டுக்காரங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

சரசு அக்கா முகத்தை நான் பார்த்தேன். அவள் அழவில்லை. கையிலிருந்த துணியைப் பிழிய ஆரம்பித்தாள். சொட்டுத் தண்ணீர்கூட மிச்சமில்லாத துணியை. எனக்கு அது தெரிந்த பிழிதல். ஒரு தெருவில் ஒரு வீடு 'இவள் சரியில்லை' என்று சொன்னால் போதும். காகிதத்தில் எழுதி முத்திரை குத்தினால் நாலு வீட்டுக் கதவும் ஒரே நாளில் சாத்தப்படும்.

நீ பேனாவை வாங்கவில்லை. அலமாரியிலிருந்து நீல டப்பாவை எடுத்தாய். முகர்ந்தாய். டப்பாவின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாய்: நுரைக்காத தூள், இதற்குப் பதிலாகத் துணி சோப்பைப் போடாதீர்கள். ஒரு காலி ஊறுகாய் பாட்டில் கேட்டு வாங்கி, டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கினாய். கழுத்து வரை நுரை.

"சார், டப்பாதான் மஸ்கட். உள்ள கீறது நம்மூரு துணி சோப்பு. இத்த யாரு ரொப்புனது?"

பக்கத்து வீட்டு டீச்சரம்மா மெஷினை வேடிக்கை பார்க்க வந்து கொல்லை வாசலில் நின்றிருந்தார். வீட்டு அம்மாதான் யோசிக்காமல் சொல்லிவிட்டார்: "நீங்கதானேங்க கொட்டி வெச்சீங்க? அது தீர்ந்துபோச்சு, டப்பா காலியா இருந்தா நல்லா இல்லன்னு?"

டீச்சரம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை சார் உன் கணக்கில் எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவன் மாதிரி இருக்கே. நீ சொல்லுப்பா, இவன் சொல்றது சரியா?"

நான் நுரை வடிந்த தரையைப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

நாம் கடைக்குத் திரும்புவதற்குள் டெலிபோன் வந்திருந்தது. வெளிநாட்டுச் சாமான் உள்ள வீடுகளையெல்லாம் நம் கடைக்கு அனுப்பிவைப்பவர் அந்த சார். முதலாளி உன்னைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். "நீ கூடத்தானே இருந்தே? என்னதான் காரணம்?"

"சரியா தெரியல சார்" என்றேன்.

அந்த மூன்று வார்த்தையைத்தான் சொல்ல வந்தேன், மச்சான். உன் வேலையைக் காலி செய்தது மஸ்கட் இல்லை. அதற்கு என் வாயே போதுமானதாக இருந்தது. உன் டூல்ஸ் பையைக் கொடுத்து அனுப்பினார்கள். கடை வாசலில் நின்று கேட்டாய்: "உன் வாய்ல இன்னாடா, நுரை தள்ளிகீதா?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு சைக்கிளை மிதித்துப் போனாய்.

பதில் என்னிடம் இருந்தது. எங்க அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். மேற்குத் தாம்பரத்தில், விடியற்காலையிலிருந்து. விரல் இடுக்கெல்லாம் வெந்து, சாதம் பிசைந்தால் எரியும் என்று ஸ்பூனால் சாப்பிடுகிறவள். உன்னிடம் அம்மா தையல் வேலை பார்க்கிறார்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். உன் அப்பா ரயில்வேயில் இருந்தார்; உங்கள் வீட்டில் குவார்ட்டர்ஸ், மின்விசிறி, ஞாயிற்றுக்கிழமைக் கறி. எனக்கு வெட்கம். சரசு அக்காவுக்காக ஒரு வார்த்தை பேசியிருந்தால், எல்லாரும் என் முகத்தில் அம்மாவைப் பார்த்துவிடுவார்கள் என்று பயந்தேன். சம்பந்தமில்லாத நீ பேசினாய். சம்பந்தப்பட்ட நான் தரையைப் பார்த்தேன்.

உனக்கு வேறு கடை கிடைக்கவில்லை. பெருங்களத்தூரில் கிளம்பிய அடுக்குமாடிகளில் காண்ட்ராக்டரிடம் ஒயரிங் வேலைக்குப் போனாய். கையுறை கிடையாது, காலில் ரப்பர் செருப்பு. மெயினை அணைத்திருப்பதாகக் கீழே இருந்து யாரோ குரல் கொடுத்தார்களாம். அணைக்கவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தாய். உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான்ப்பா அவனுக்கு ரொம்ப க்ளோஸ்" என்று அழுதார். எங்கே நிற்பது என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். அன்றைக்கு ஆரம்பித்த நடை இது.

கொஞ்ச நாள் கழித்து குரோம்பேட்டை நிறுத்தத்தில் சரசு அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "இன்னொரு தம்பி இருந்துச்சே, அது எங்க?" என்றாள். சொன்னேன். பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மஸ்கட் வீடு அவளை நிறுத்திவிட்டது. அவர் சொல்லி இன்னும் இரண்டு வீடும் நிறுத்தின. டீச்சரம்மா மட்டும் நிறுத்தவில்லை. "அந்தப் புள்ள வாய் தொறந்ததால ஒரு வூடாவது மிஞ்சிச்சு. அத்த வெச்சுதான் மறுபடி நாலு வூடு புட்ச்சேன்" என்றாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்றைக்குப் போன வீடு, நீ விழுந்த கட்டடத்துக்கு நேர் எதிரே. சமையலறை ஜன்னலில் அதுதான் தெரிந்தது. பால்கனியெல்லாம் துணி காய்கிறது. அதே மாதிரி நுரை, அதே மிதவை. ஒரு கரண்டி எண்ணெய். வெறும் தண்ணீரில் ஐந்து தடவை. மூலையில் ஒரு பெண், சரசு அக்காவைவிடச் சின்னவள். வீட்டுக்காரர் பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு, "இவதான் எதையோ போட்டுத் தொலைச்சிருக்கா" என்றார். ஊர் பேர் மாறினாலும் இந்த வாக்கியம் மாறாது போல.

உன் ஊறுகாய் பாட்டில் என் பையில்தான் இருக்கிறது. அன்றைக்கு அந்த வீட்டில் எதற்கென்று தெரியாமல் எடுத்து வந்தது. அலமாரியிலிருந்த தூளில் ஒரு சிட்டிகை போட்டேன், தண்ணீர் ஊற்றினேன். இதுவரைக்கும் நீ செய்தது. நான் பாட்டிலை வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். "நீங்களே குலுக்குங்க சார்."

குலுக்கினார். கழுத்து வரை வந்தது. மூடி சரியாக இறுகாமல் அவர் கை, என் கை எல்லாம் நுரை.

"இது துணி சோப்பு. கடையில யார் வாங்குனாங்களோ அவங்களைக் கேளுங்க" என்றேன். அவர் பக்கத்தில் நின்ற தன் மனைவியைப் பார்க்காமல் என் பக்கம் பார்த்தார். "இந்த ஆளுங்களுக்கு நீ ஏன்ப்பா இவ்வளவு வக்காலத்து வாங்கறே?"

"எங்க அம்மாவும் நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறாங்க சார்" என்றேன்.

வெளியே சொன்னது இதுதான் முதல் தடவை. ஒன்றும் ஆகவில்லை. கூரை இடியவில்லை. அவர் குழாயடியில் கையைக் கழுவப் போனார். அந்தப் பெண் தரையைத் துடைத்தாள். தாளில் 'பழுதுக்குக் காரணம்' என்ற இடத்தில், 'வீட்டுக்காரர்கள் வாங்கிவைத்த துணி சோப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாளைக்கு முதலாளி கூப்பிட்டுக் கேட்பார். காரணம் தெரியும் சார் என்று சொல்லத்தான் போகிறேன். ஐந்து வினாடி வேலை, மச்சான். இதற்கு எனக்கு நாலு வருடமும் உன் உயிரும் ஆகியிருக்கிறது.

நம் கடையில் ஒருநாள் உன் நீலக் கோடு போட்ட சட்டையைக் கொடுத்து, "காலர் நைஞ்சு பூட்ச்சு, உங்கம்மாகிட்ட சொல்லித் திருப்பித் தெச்சுத் தரச் சொல்றா" என்றாய், நினைவிருக்கிறதா? இரண்டு நாளில் கொண்டுவந்து தந்தேன். தையலைத் தடவிப் பார்த்து, "கை வேலைன்னா இது கை வேலை. அம்மாவுக்கு ஒரு பெரிய கும்புடு சொல்லு" என்றாய். மார்க்கெட் சந்தில் ஒரு டெய்லர் தைத்தது அது. உன் கும்பிடை நான் யாரிடமும் சேர்க்கவில்லை.

அம்மா இப்போதுதான் வேலை முடிந்து வந்து, வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். எழுந்துபோய் உன் கும்பிடைச் சொல்லப் போகிறேன்.