என் சோத்தாங்கை இடது கை

அனுப்புநர்:
த. சுடலைச்செல்வி (வயது 19),
த/பெ. தங்கப்பாண்டி,
ஆறுமுகநேரி,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.

பொருள்: பழகுநர் உரிமம் (எல்.எல்.ஆர்.) – இடது கைப் பழக்கத்திற்கு மருத்துவச் சான்று கேட்பதை நீக்கி, மறுதேர்வுக்கு அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நேரில் வந்து சொல்லத் துணிவில்லாததால் எழுதுகிறேன்.

1. சென்ற திங்கட்கிழமை தங்கள் அலுவலகத்தில் எல்.எல்.ஆர். கணினித் தேர்வில் தோற்றேன். வலது, இடது பற்றிய கேள்விகள் அத்தனையையும் மாற்றிப் போட்டிருந்தேன். அது என் தவறு. அதில் எனக்குப் புகார் இல்லை.

2. எங்கள் பக்கம் வலது கையைச் சோத்தாங்கை என்பார்கள், சோறு உண்ணும் கை என்பதால். இடது கைக்குப் பீச்சாங்கை என்று பெயர். காரணத்தைத் தாங்கள் அறிவீர்கள். நான் பிறவியிலேயே இடது கையால் உண்பவள். 'வலது' என்று படித்தவுடன் மனம் சோத்தாங்கை என்கிறது, விரல் இடது பக்கம் போய்விடுகிறது. ஸ்கூட்டர் பழக்கியபோது என் தந்தை, "ஏளா, சோத்தாங்கைப் பக்கம் ஒடி!" என்று கத்தினார். நானும் ஒடித்து, நேராக உப்புப் பாத்திக்குள் இறங்கினேன். அன்றே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

3. படித்த பெண்ணுக்கு வலது இடது தெரியாதா என்று தேர்வறை எழுத்தர் கேட்டார். பதற்றத்தில், "ஸார், நான் சாப்பிடுதது இந்தக் கையிலதான்" என்று இடது கையைத் தூக்கிக் காட்டிவிட்டேன். வரிசையே சிரித்தது. "பீச்சாங்கையாலயா சோறு திங்குத?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். என்னோடு பிளஸ் டூ படித்த பெனிஸ்டனும் அங்கே நின்று சிரித்தான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று முதல் வலது கையால் உண்டு பழகுகிறேன். ரசம் முழங்கை வரை வழிகிறது.

4. எழுத்தர் மட்டும் சிரிக்கவில்லை. கையில் குறை உள்ளது, டாக்டர் சான்று கொண்டு வந்தால்தான் மறுதேர்வு என்று சொல்லிவிட்டார். அரசு மருத்துவமனைக்குப் போனேன். உனக்கு என்ன செய்கிறது என்று டாக்டர் அம்மா கேட்டார். என்னவென்று சொல்வேன்? தலைவலி என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

5. வீடுகளுக்குச் சென்று ரத்தம் எடுத்துவரும் வேலை ஒன்று, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்குக் கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் எல்.எல்.ஆர். காட்டாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். நான் ஊசி குத்துவதும் இதே இடது கையால்தான். பயிற்சியில் என்னிடம் கை நீட்டிய எவரும் சான்று கேட்டதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத என் தாயாரிடம் அரசாங்கம் கேட்டு வாங்குவதும் இடது பெருவிரல் ரேகையைத்தான்.

6. நான் கடிகாரம் கட்டும் கை வலது கை என்று இப்போது மனத்தில் பதித்துக்கொண்டேன். இனிப் பிசகாது. சான்று கேட்காமல் இந்த மாதத்துக்குள் மறுதேர்வு எழுத அனுமதிக்கும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

7. இன்னும் ஒன்று. அன்று பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் வலது கையால் போட்டேன். கோழி கிறுக்கியது போல இருக்கும். அது வெட்கம் போட்ட கையெழுத்து. தயவுசெய்து அதை என்னுடையதாகக் கொள்ள வேண்டாம். கீழே இருப்பதுதான் என் கையெழுத்து. இதை என் சோத்தாங்கையால் போட்டிருக்கிறேன்.

இடம்: ஆறுமுகநேரி
நாள்: 18.06.2025

தங்கள் உண்மையுள்ள,
த. சுடலைச்செல்வி