கொக்கு விமானமும் இருவழி டிக்கெட்டும்

மார்ச் 3, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறப்பதற்கு முன்பே, மனைவி வேலை பார்க்கும் ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று. பதினான்காம் தேதி போவது, பதினாறு திரும்புவது. சேவர் கட்டணம், இருப்பதிலேயே மலிவு! செவ்வாய்க்கிழமை காலையில்தான் விலை இறங்கும் என்று நான் சொன்னால் யார் நம்புகிறார்கள்? இறங்கியது. ஒரு வாரமாக ஒற்றைக் காலில் நின்றது வீண் போகவில்லை.

வாலில் ஒரு வெள்ளைக் கொக்கை வரைந்துகொண்டு, மொத்தமே மூன்று விமானத்தை வைத்துக்கொண்டு, இந்தக் கம்பெனிக்கு இருக்கும் திமிர் இருக்கிறதே! ஊரே அதைக் கொக்கு என்றுதான் கூப்பிடுகிறது. அதில் போக மட்டும் டிக்கெட் எடுத்தால், போகவர எடுப்பதைவிட விலை அதிகம். ஒற்றைச் செருப்பு ஜோடியைவிட விலை கூட என்பது மாதிரி. கவுன்ட்டர் பெண்மணியிடம் ஏன் என்று கேட்டால், "சிஸ்டம் அப்படி சார்." அதனால் தெருவில் யார் கேட்டாலும் சொல்லி வைத்திருக்கிறேன்: போக மட்டும்தான் என்றாலும் போகவர எடு, வருவதைத் தூக்கிப் போடு.

சாயங்காலம் அவள் பேசினாள். டிக்கெட் விலையைச் சொன்னேன். "ம்" என்றாள். திடீரென்று, "உங்க லென்ஸ் தேய்க்கிற மெஷின் எவ்வளவு அகலம் இருக்கும்?" என்றாள். ஒரு கஸ்டமர் வந்துவிட்டார், வைத்துவிட்டேன். இவளுக்கு எதற்கு மெஷின் அகலம்?

மார்ச் 8, ஞாயிறு

அங்கே அவளைத் தலைமை நர்ஸாக நிரந்தரமாக்குகிறார்களாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். சரி என்றால் ரிட்டையர் ஆகும்வரை அந்த ஊர்தான். வேண்டாமென்றால் மாற்றல் கேட்டு இங்கே திரும்பலாம், பழையபடி சாதாரண வார்டு நர்ஸாக. இரண்டு வருஷம்தானே, போய்விட்டு வா என்று நான்தான் அனுப்பினேன். இப்போது இப்படி.

"போன்ல பேசற விஷயம் இல்லைங்க. நேர்ல வாங்க. ஒண்ணு காட்டணும்."

"என்னத்த காட்டணும்?"

"வாங்க, காட்டறேன். மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா நானே முடிவு பண்ணிக்கறேன். அப்புறம் என்னை ஒண்ணும் சொல்லக்கூடாது."

பதினான்காம் தேதிதான் வருகிறேனே என்றேன். திரும்பற டிக்கெட்டும் போட்டாச்சா என்று கேட்டாள். பின்னே? கடையை யார் பார்ப்பது? இதற்கு ஏன் அப்படி ஒரு பெருமூச்சு என்று புரியவில்லை.

மார்ச் 14, சனி

விமான நிலையத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கொக்கு பறக்காது. ஒரு விமானம் ரிப்பேராம். ஒன்றை அமைச்சர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாராம். மூன்றாவதுக்கு வானிலை சரியில்லையாம் — வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது!

கவுன்ட்டரில் அதே பெண்மணி. எதற்கெடுத்தாலும் சிஸ்டத்தைக் கைகாட்டுவதால் நான் வைத்த பெயர் சிஸ்டம் அம்மா.

"உங்களைப் பதினேழாம் தேதிக்கு மாத்திட்டோம் சார்."

"திரும்பி வர்றது?"

"அது பதினாறுதான் சார். அந்த ஃப்ளைட் கேன்சல் ஆகலையே."

"அம்மா, பதினேழு போறவன் பதினாறாம் தேதி எப்படிம்மா திரும்பி வருவான்?"

கம்ப்யூட்டரை ஒரு தடவை பார்த்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். "சேவர் டிக்கெட் சார். வர்றதை மாத்தணும்னா தனியா கட்டணும்."

போவதற்கு முன்னாலேயே திரும்பி வரச் சொல்கிற கம்பெனியை உலகத்தில் எங்காவது பார்த்ததுண்டா? கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை! இவர்களுக்காகவும் சேர்த்துத்தானே கத்தினேன்?

பிறகு:

அவளுக்குப் போன் செய்தேன். "போனாப் போகுது, கட்டிட்டு வாங்க" என்றாள். தப்பு அவர்களுடையது, நான் எதற்குக் கட்ட வேண்டும், நியாயம் என்று ஒன்று இல்லையா என்றேன்.

"நியாயம் உங்ககிட்டதான் இருக்கு. பத்திரமா வெச்சுக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மார்ச் 17, செவ்வாய்

போகவில்லை. கம்பெனிக்குப் புகார் எழுதியிருக்கிறேன், பதில் வரட்டும். இன்றைக்குப் பார்த்துக் கொக்கு சரியான நேரத்துக்குக் கிளம்பியது. கடை வாசலில் நின்று பார்த்தேன். வேண்டுமென்றேதான் செய்கிறார்கள்.

மார்ச் 19, வியாழன்

பதில் வந்துவிட்டது. பதினேழாம் தேதி நான் வராததால் முழு டிக்கெட்டும் காலாவதி. "எங்களோடு பறக்க நினைத்ததற்கு நன்றி."

நன்றியாம்ல நன்றி! மனுஷனை மூணு மணி நேரம் உக்கார வெச்சு, பணத்தையும் முழுங்கிட்டு, நன்றி வேற ஒரு கேடு! இவனுங்க உருப்படுவானுங்களா?

இரண்டு கண்ணாடிக்கு வலதும் இடதும் மாற்றிப் பொருத்திவிட்டேன். மறுபடி பிரிக்க வேண்டும்.

மார்ச் 22, ஞாயிறு

மூன்று நாளாக அவள் போனை எடுக்கவில்லை. "டியூட்டி" என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பினாள்.

மைத்துனன் கடைக்கு வந்தான். லாரி ஓட்டுகிறவன், ஆனால் ஒரு கண்ணாடி மூன்று மாதம் தாங்காது அவனிடம். காதுக் கம்பியை நிமிர்த்திக் கொடுத்துக்கொண்டே கொக்குக் கதையைச் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தால் சிரிக்கவில்லை.

"அத்தான், அக்கா சொல்லக்கூடாதுன்னு சொன்னா. இருந்தாலும் சொல்றேன். அவ குவார்ட்டர்ஸுக்கு எதிர்ல ஒரு கடை காலியா இருக்கு. உங்களுக்குன்னு பேசி வெச்சிருக்கா. போன தடவை லோடு ஏத்திட்டுப் போனப்ப என்னையே டேப் வெச்சு அளக்கச் சொன்னா, மெஷின் உள்ள போகுமான்னு."

மெஷின் அகலம்!

"என்கிட்ட சொல்றதுக்கு என்னடா?"

"சொன்னா நீங்க கணக்குப் போடுவீங்க அத்தான். நேர்ல பார்த்தா ஒருவேளை மனசு வரும்னு நெனச்சா. கடைக்காரர் மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பாராம்."

நான் என்ன எதற்கெடுத்தாலும் கணக்கா போடுகிறேன்? கேட்டேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நன்றாக ஒரு முறை பார்த்தான். "இப்ப நல்லாத் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான், கடன்காரன்.

மார்ச் 23, திங்கள்

எடுத்தாள். கடை விஷயம் தெரியும் என்றேன். கோபமில்லாமல்தான் சொன்னாள், அதுதான் தாங்கவில்லை.

"இந்த ரெண்டு வருஷமா நீங்க வர்ற ஒவ்வொரு தடவையும் பார்க்கறேன். திரும்பிப் போற டிக்கெட்டை எடுத்து மேசை மேல வெச்சுட்டுத்தான் செருப்பையே கழட்டுவீங்க. வந்த அன்னிக்கே நீங்க போயாச்சுங்க."

நான் எதற்கு அப்படி வைக்கிறேன்? நேரம் மறந்துவிடக் கூடாது என்றுதானே. அதில் என்ன தப்பு?

என்ன தப்பு?

மகள் கல்யாணமாகிப் போன பிறகு இந்த வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான் கழுவுகிறேன். இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. டிக்கெட் விலையைத்தான் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 25, புதன்

கொக்கு ஆபீசுக்கே நேரில் போனேன். இன்றைக்கு அங்கேயும் சிஸ்டம் அம்மாதான். என்னைக் கண்டதும் முகம் மாறியது.

சனிக்கிழமைக்கு ஒன்று, போக மட்டும் என்றேன்.

"சார், போக மட்டும்னா அதிகம் வரும். போகவர எடுங்க, குறைச்சலா இருக்கும். திரும்பி வர வேண்டாம்னா வராதீங்க, யாரு கேக்கப் போறா?"

என் பாடத்தை எனக்கே நடத்துகிறாள்.

"போக மட்டும் போதும்மா."

"சார், நெஜமாவே அதிகம் சார். நீங்க போய் இப்படி..."

"சிஸ்டம் அப்படி" என்றேன். முதல் முறையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாங்க வேண்டியதைக் கறாராக வாங்கிக்கொண்டாள். வயிறு எரியத்தான் செய்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

ஆர்டர் எல்லாம் முடித்துக் கொடுத்தாயிற்று. கடைச் சாவியை உரிமையாளரிடம் கொடுத்தேன். மெஷினை மைத்துனன் லாரியில், இரண்டு ஊருக்கும் நடுவிலிருக்கும் மலையைச் சுற்றிக் கொண்டுவருவான். "நீங்களும் ஏறிக்கோங்களேன், டிக்கெட்டே வேணாம்" என்றான். இரண்டு நாள் அந்தச் சீட்டில் உட்கார என் இடுப்பு என்ன இரும்பா? அவளிடம் வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 28, சனி

கொக்கு நான்கு மணி நேரம் தாமதம். ஆனாலும் பறந்தது. இறங்கிய பிறகுதான் தெரிந்தது, எடை கூடிவிட்டது என்று என் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஆளை ஏற்றிவிட்டுத் துணியை இறக்கியிருக்கிறார்கள், புண்ணியவான்கள். "நாளைக்கு வரும் சார்." வரும், வரும்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். "குடுங்க, மேசை மேல வெக்கறேன்" என்றாள். குரலில் ஒரு குத்தல். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படித்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"வர்றது எங்க?"

"எடுக்கல."

"எடுக்கலன்னா? போக மட்டுமா எடுத்தீங்க?" என்று விலையைத் தேடிப் பிடித்துப் படித்தாள். "ஐயோ, ஏங்க, உங்களுக்கு என்ன பைத்தியமா? போகவர எடுத்துட்டு வராம இருந்திருக்கலாமே! ஊருக்கெல்லாம் புத்தி சொல்வீங்க, உங்களுக்குப் புத்தி எங்க போச்சு?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் காசை இறைத்தேன் என்று என்னை அவள் திட்டியது இதுதான் முதல் தடவை. திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வாசலிலேயே செருப்போடு நின்றிருந்தேன். "கழட்டிட்டு உள்ள வாங்க" என்றாள்.

ஏப்ரல் 1, புதன்

பெட்டி இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும், என்ன அவசரம்.